ட்ரிக்லாவ் உச்சிக்கு முதன்முறை: பாறைமலை ஏறப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

ஸ்லோவேனியாவின் கொடியில் இடது மேற்பகுதியில் ஒரு கேடயம் இருக்கும். அதற்குள் மூன்று முடிகளோடு நிற்கும் வெள்ளை மலைதான் ட்ரிக்லாவ். பெயருக்கே ‘மூன்று தலை’ என்று பொருள். ஜூலியன் ஆல்ப்ஸ் தொடரில் இதைவிட உயர்ந்தது இல்லை; 2864 மீட்டர். ஸ்லோவேனியராகப் பிறந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அதன் உச்சியில் நின்றுவிட வேண்டும் என்பது அந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் பேச்சு. பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள், நரைத்த தலைகளும் ஏறுகின்றன.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ‘எல்லோரும் போகிறார்களே’ என்று ஓட்டக் காலணியோடு வந்து, கடைசி 400 மீட்டரில் இரண்டு பக்கமும் ஆழம் தெரியும் பாறை விளிம்பில் கால் நடுங்கி நிற்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் அங்கே பார்க்கலாம். ஆனைமுடியைவிட ஏறத்தாழ 170 மீட்டர்தான் அதிகம் என்று கணக்குப் போடாதீர்கள். இது புல்வெளி முடிகிற மலை இல்லை. மேலே முழுவதும் மொட்டைச் சுண்ணாம்புப் பாறை. கால் மட்டும் போதாது, கையும் வேண்டும்.

ஆனாலும், ஆல்ப்ஸ் பாறையில் முதல் அனுபவம் பெற இதைவிட நல்ல சிகரத்தை நான் கண்டதில்லை. பனியாற்றைக் கடக்க வேண்டியதில்லை. ஆபத்தான இடங்களில் எஃகுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். வழியில் தங்க விடுதிகள் உண்டு. சொல்கிற ஒழுங்கில் செய்தால், உடல்நலம் உள்ள எவரும் போய் வரலாம். அந்த ஒழுங்கில் முதன்மையானது நேரம். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் உச்சியைத் தொட்டு விடுதிக்குத் திரும்பியிருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பின்னோக்கி வருபவை.

எப்போது, எந்த வழியில்

ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை போங்கள். ஜூனில் நிழலான பள்ளங்களில் பழைய பனி கெட்டிப்பட்டுக் கிடக்கும். அதில் நடக்கப் பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் இரும்பு முட்களும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். முதன்முறை போகிறவருக்கு அது வேண்டாம்.

மலையின் வடக்கே வ்ராட்டா பள்ளத்தாக்கு. அங்கே நின்றால் சுமார் 1000 மீட்டர் உயர வடக்குச் சுவர் கண்ணெதிரே எழுந்து நிற்கும். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஏறும் பாதைகள் செங்குத்தானவை. அவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெர்மா பள்ளத்தாக்கு வழி எளிது, ஆனால் மிக நீளம். புதியவர்களுக்கு நான் சொல்வது போக்ல்யூகா பீடபூமியில் 1347 மீட்டரில் இருக்கும் ரூட்னோ போல்யேயிலிருந்து தொடங்கும் வழி. பனிக்காலத்தில் பயத்லான், அதாவது பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டிகள் நடக்கும் மைதானம் அது. உயரத்தில் தொடங்குவதால் பாதி வேலையை வண்டியே முடித்துவிடும். தலைநகர் லுப்லியானாவிலிருந்து பிளெட் ஏரிக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து போகலாம்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள். கம்பிப் பாதையில் இதற்கு முன் ஏறியதே இல்லையென்றால், பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் முத்திரை உள்ள ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். செலவுதான். விமான டிக்கெட்டுக்குக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூன்று மாதம் முன்பே

ரூட்னோ போல்யேயிலிருந்து உச்சி வரை உயர வித்தியாசம் மட்டும் 1500 மீட்டருக்கு மேல். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 500 மாடி. இடையில் இறங்கி ஏறுவது தனி. ஆகவே பயிற்சிக்கு மாடிப்படிதான் சிறந்த மைதானம். வாரம் மூன்று நாள், முதுகில் 7 கிலோ பையோடு ஏறுங்கள். லிஃப்டில் இறங்காதீர்கள். மலையில் முழங்காலை வதைப்பது இறக்கம்தான். தொடைத் தசை இறக்கத்துக்குப் பழகவில்லையென்றால் இரண்டாம் நாள் மாலையில் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறி, அதன் பிறகும் மூச்சிரைக்காமல் பேச முடிந்தால் நீங்கள் தயார்.

உயரத்தைப் பற்றிய பயம் உள்ளவர்கள் உள்ளூரிலேயே அதைச் சோதித்துப் பாருங்கள். பாறையேற்றச் சுவர் உள்ள உடற்பயிற்சிக்கூடத்துக்கு நான்கைந்து முறை போனாலே, பயம் பழக்கத்தில் அடங்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பையில் என்ன

காலணி முதலில். கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பாகம் கெட்டியான மலைக்காலணி. புதிதாக வாங்கியதை அங்கே முதன்முதலாகப் போடாதீர்கள். குறைந்தது 50 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும். உடை அடுக்கடுக்காக இருக்கட்டும்: வியர்வையை உறிஞ்சி உலரும் சட்டை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிர வைக்கும். 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும். பிளெட் ஏரிக்கரையில் 28 டிகிரி இருந்தால் உச்சியில் 12 அல்லது 13தான். காற்று வீசினால் அதுவும் குளிராகத் தோன்றும். தொப்பியும் கையுறையும் ஆகஸ்டிலும் வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயம். முன்னால் போகிறவர் கால் பட்டு உருளும் கல்லும், மேலே மேயும் காட்டாடுகள் தட்டிவிடும் கல்லும் தலைக்குத்தான் வரும். ‘கமேன்!’ என்று யாராவது கத்தினால் ஸ்லோவேனிய மொழியில் ‘கல்!’ என்று அர்த்தம். நிமிர்ந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வியா ஃபெராட்டா செட். வியா ஃபெராட்டா என்றால் இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை. இடுப்பையும் தொடைகளையும் சுற்றும் ஹார்னெஸ் என்ற வாரைக் கட்டி, அதிலிருந்து Y வடிவில் பிரியும் இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றின் நுனியிலும், எஃகுக் கம்பியில் மாட்ட, தானாகப் பூட்டிக்கொள்ளும் காராபினர் கொக்கி. பட்டைகள் ஹார்னெஸோடு சேரும் இடத்தில் ஒரு சிறு பை தைத்திருக்கும். அதற்குள் மடித்துத் தைத்த நாடா இருக்கிறது. நீங்கள் விழுந்தால் அந்தத் தையல்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ‘எதற்கு இவ்வளவு விலை, கயிற்றில் இரண்டு கொக்கி மாட்டினால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பாறையேற்றக் கயிறு இழுபடும் தன்மை கொண்டது. எஃகுக் கம்பி இழுபடாது. செங்குத்தான இடத்தில் கால் தவறினால், உங்கள் கொக்கி, கம்பியைப் பாறையோடு பிணைக்கும் ஆணிகளில் கீழே உள்ளது வரை சறுக்கிக்கொண்டு போய் அங்கே சட்டென்று நிற்கும். சில மீட்டர் விழுந்த உடம்பு கை நீளப் பட்டையில் திடீரென்று நிறுத்தப்பட்டால் சாதாரணக் கயிறு அறுந்துவிடும். அறாவிட்டால் உங்கள் முதுகெலும்பு தாங்காது. இந்தச் செட்டை வாடகைக்கும் எடுக்கலாம். எடுக்கும்போது தையல் பை பிரியாமல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், ஒரு முறை விழுந்து பிரிந்த செட் மறுபடி உதவாது. உடல் எடை 40 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கு இது சரியாக வேலை செய்யாது. அவர்களைத் தனிக் கயிற்றில் வழிகாட்டி பிடித்துக்கொள்ள வேண்டும்.

விரல் நுனி திறந்த தோல் கையுறை, ஹெட்லைட், சூரியக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், சிறு மருந்துப் பை, விசில், வரைபடம், ரொக்கப் பணம். தண்ணீர் குறைந்தது 2 லிட்டர். சுண்ணாம்பு மலையில் பெய்த மழை உடனே பாறைப் பிளவுக்குள் இறங்கிவிடும். மேலே ஓடையோ ஊற்றோ வழியில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். விடுதியிலும் தண்ணீர் காசுக்குத்தான்.

முதல் நாள்: விடுதி வரை

காலை ஏழு, எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி. இதுதான் ஸ்லோவேனியா முழுவதும் மலைப்பாதைக் குறி. கல்லில், மரத்தில், சில சமயம் தரையிலேயே வரைந்திருக்கும். ஐந்து நிமிடம் நடந்தும் அடுத்த குறி கண்ணில் படவில்லையென்றால் நின்று, கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள்.

கோன்ஷ்சிட்சா மேய்ச்சல் நிலத்தில் கழுத்துமணி ஒலிக்க மாடுகள் மேயும். அதைத் தாண்டியதும் ஏற்றம் கூடி, 1892 மீட்டரில் ஸ்டுடோர்ஸ்கி ப்ரெவால் கணவாய் வரும். பிறகு மலைச்சரிவின் பக்கவாட்டில் நீளமான நடை. வோட்னிகோவ் டோம் விடுதியில் சூப் குடித்து அரை மணி உட்காருங்கள். அங்கிருந்து கோன்ஸ்கோ செட்லோ என்ற கணவாய்க்கு ஏறினால் பாதை பிரியும். ஒன்று பிளானிகா விடுதிக்கு, 2401 மீட்டர். மற்றொன்று கிரெடாரிட்சா விடுதிக்கு, 2515 மீட்டர். அது நாட்டிலேயே உயரத்தில் உள்ள விடுதி, பக்கத்தில் வானிலை நிலையமும் சிறு தேவாலயமும் உண்டு. புதியவர்களுக்கு நான் பிளானிகாவைச் சொல்வேன், அதுவரை கம்பி பிடிக்க வேண்டிய இடம் இல்லை. மொத்தம் ஐந்து முதல் ஆறு மணி நேர நடை.

படுக்கையை வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் காலணியை அதற்கான தட்டில் வைத்துவிட்டுச் செருப்பு மாற்றிக்கொள்ளுங்கள். பொது அறையில் அடுக்குப் படுக்கை. போர்வைக்குள் விரிக்க மெல்லிய துணிப் பை நீங்களே கொண்டுவர வேண்டும். குளியல் கிடையாது. பத்து மணிக்கு விளக்கு அணையும். சாப்பாட்டில் பார்லிக் கஞ்சி, புளித்த முட்டைக்கோஸ் சூப் எல்லாம் கிடைக்கும். பெரும்பாலும் இறைச்சி சேர்ந்திருக்கும். சைவர்கள் ‘ப்ரெஸ் மேசா’ என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். தேநீருக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்: அவர்களும் ‘சாய்’ என்றுதான் சொல்கிறார்கள். பாலில்லாமல், பெரிய கோப்பையில், எலுமிச்சையோடு வரும்.

லேசான தலைவலி வரலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். படுப்பதற்கு முன் விடுதிக்காரரிடம் மறுநாள் வானிலையைக் கேளுங்கள். அரசு வானிலை அறிக்கை அவரிடம் இருக்கும். அதைவிட, அந்த மேகங்களைப் பல கோடைகளாகப் பார்த்த கண் அவருக்கு இருக்கிறது.

இரண்டாம் நாள்: கம்பியில்

ஐந்து மணிக்கு எழுந்து ஆறுக்குள் கிளம்புங்கள். ஹெல்மெட்டும் ஹார்னெஸும் விடுதி வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சரிவில் நின்றுகொண்டு கால் மாற்றிப் போடுவது வேண்டாத வேலை. கைத்தடியை மடித்துப் பைக்குள் வையுங்கள்.

கம்பி தொடங்கும் இடத்தில் இரண்டு கொக்கிகளையும் மாட்டுங்கள். கம்பியைச் சில மீட்டருக்கு ஒருமுறை பாறையில் அறைந்த ஆணியோடு கட்டியிருப்பார்கள். கொக்கி அந்த ஆணியைத் தாண்டிப் போகாது. அங்கே கழற்றி மாட்ட வேண்டும். இதை நிதானமாகச் செய்து பழகுங்கள். இரண்டு காலையும் உறுதியான படியில் வையுங்கள். இடக்கையால் கம்பியைப் பிடியுங்கள். வலக்கையால் முதல் கொக்கியை அழுத்தித் திறந்து, ஆணிக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கள். ‘டிக்’ என்று பூட்டும் ஒலி காதில் விழ வேண்டும். விழுந்த பிறகுதான் இரண்டாவது கொக்கியில் கை வைக்க வேண்டும். எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது கம்பியில் இருக்கும். இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும். முன்னவர் அடுத்த ஆணியைக் கடக்கும் வரை நில்லுங்கள். அவர் விழுந்தால் கம்பி உதறும் உதறலில் நீங்களும் விழுவீர்கள்.

கால்தான் உங்களை மேலே ஏற்ற வேண்டும், கை சமநிலைக்கு. கையால் இழுத்து ஏறுகிறவருக்குப் பத்து நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். பயத்தில் பாறையைக் கட்டிப்பிடிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம், அதுதான் காலை வழுக்கவும் வைக்கிறது. உடம்பு பாறையில் சாய்ந்தால் பாதம் வெளியே தள்ளும். நிமிர்ந்து நின்றால் எடை நேராகப் பாதத்தில் இறங்கி, காலணி பாறையைக் கவ்வும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்த வேண்டும். எத்தனையோ ஆயிரம் காலணிகள் பட்டுப் படிகள் கோயில் வாசற்படிபோல வழவழப்பாக இருக்கும், ஈரமென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

2725 மீட்டரில் மாலி ட்ரிக்லாவ், அதாவது சின்ன ட்ரிக்லாவ் வரும். கிரெடாரிட்சாவிலிருந்து ஏறுகிறவர்களும் இந்த முகட்டுக்கு வந்து சேர்வதால் நெரிசல் இருக்கும். எதிரே வருபவரோடு பேசி, அகலமான இடத்தில் நின்று வழிவிடுங்கள். தாண்டிப் போகும்போதும் கொக்கி கம்பியில் இருக்கட்டும். இதற்கு அப்பால் உச்சி வரை நீளும் விளிம்பு குறுகலானது. பார்வையைப் பாதத்திலும் அடுத்த ஆணியிலும் வையுங்கள், ஆழத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

நான் முதன்முறை போனபோது இங்கிருந்துதான் திரும்பினேன். விடுதியில் காலைச் சாப்பாட்டை நீட்டி, ஒன்பதரைக்குக் கிளம்பியிருந்தோம். சின்ன ட்ரிக்லாவை அடையும்போது பதினொன்றரை. உச்சியில் நிற்பவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. தெற்கே ஒரு மேகம் காலிஃபிளவர்போல அடுக்கடுக்காக எழும்பிக்கொண்டிருந்தது. வழிகாட்டி அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். எனக்கு அழுகை முட்டியது. விடுதிக்குள் நுழைந்து காலணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கூரையில் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, விடியற்காலையில் கிளம்பி, எட்டு மணிக்கு முன் உச்சியில் நின்றேன்.

இடி மின்னல்

கோடைப் பிற்பகல்களில் இங்கே இடிமழை அடிக்கடி வரும். மின்னலைப் பார்த்ததும் இடியோசை வரை எண்ணுங்கள். 3 விநாடி என்றால் 1 கிலோமீட்டர். தூரத்தில் என்றாலும் உடனே இறங்கத் தொடங்குங்கள். விளிம்பில் நிற்கக்கூடாது. எஃகுக் கம்பி மின்னலை நெடுந்தூரம் கடத்தும், அதிலிருந்து விலக வேண்டும். இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டால், கம்பியில்லாத தாழ்வான இடத்தில், பாறைச் சுவரை ஒட்டாமல், பையைக் கீழே போட்டு அதன்மேல் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். கூட்டமாக ஒட்டி உட்கார வேண்டாம். தலைமயிர் சிலிர்த்தாலோ இரும்பு ரீங்கரித்தாலோ அதே நொடியில் குந்திவிடுங்கள்.

உதவிக்கு 112. தொலைபேசி எடுக்கவில்லையென்றால் ஆல்ப்ஸ் முழுவதற்கும் பொதுவான சைகை இருக்கிறது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் உயர்த்தி Y போல நில்லுங்கள், உதவி வேண்டும் என்று அர்த்தம். மலைமீட்புச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எடுத்துவிட்டே புறப்படுங்கள்.

உச்சியும் இறக்கமும்

மேலே ஒரு சிறு இரும்புக் கூண்டு நிற்கும்: அல்யாஷ் கோபுரம். யாக்கோப் அல்யாஷ் என்ற பாதிரியார் உச்சியின் அந்தத் துண்டு நிலத்தைத் தம் பணத்தில் வாங்கி 1895இல் நிறுவியது. ஜெர்மன் மொழியின் ஆதிக்கம் ஓங்கியிருந்த ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தில் ‘இது எங்கள் மலை’ என்று ஸ்லோவேனியர் சொன்ன சொல் அது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், 1778 ஆகஸ்ட் 26 அன்று, கம்பியோ ஆணியோ இல்லாமல் நான்கு பேர் முதன்முதலாக இங்கே ஏறினார்கள். கோபுரத்தைத் தொட்டுப் பாருங்கள். இடி நேரத்தில் மட்டும் அதற்குள் ஒதுங்காதீர்கள். முதன்முறை வந்தவர் என்று தெரிந்தால் பக்கத்தில் நிற்கும் ஸ்லோவேனியர் உங்களைக் குனியச் சொல்லி, பின்புறத்தில் கயிற்றால் மூன்று முறை செல்லமாக அடிப்பார். அதுதான் அங்கே ஞானஸ்நானம். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடம் போதும். இறங்கும்போது உடம்பு களைத்திருக்கும், மனம் ‘முடிந்தது’ என்று தளர்ந்திருக்கும். கொக்கி மாற்றும்போது அவசரம் வருவது இப்போதுதான். செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். ஆணிக்கு ஆணி அதே ‘டிக்’ ஒலிக்குக் காத்திருங்கள். விடுதியில் சூடாக ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் காலை நீட்டிவிட்டு, கைத்தடிகளை விரித்துக்கொண்டு வந்த வழியே நடங்கள். குப்பையைப் பையிலேயே கொண்டுவாருங்கள். ரூட்னோ போல்யே வர இன்னும் நான்கு, ஐந்து மணி நேரம். வந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன், கிளம்பும்போது யாரிடம் உங்கள் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தீர்களோ அவரை அழைத்து, கீழே வந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள்.